அடுப்பு எரியாத வேளை

வட ஆற்காட்டுக் கிராமங்களில் அந்தக் காலத்தில் ஒரு வீட்டுக் கூரைமேல் காலையில் புகை எழவில்லை என்றால் அக்கம்பக்கத்தார் விசாரிக்க வந்துவிடுவார்கள். ஒன்று, அந்த வீட்டில் சாவு விழுந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உலையில் போட அரிசி இல்லாமல் போயிருக்க வேண்டும். பட்டினி கிடக்கும் குடும்பத்தை ‘அடுப்பில் பூனை தூங்குது’ என்பார்கள். தாது வருஷப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்லும் 1876–78 பஞ்சம் இந்தச் சீமையையும் வாட்டியது. கிழங்கும் கீரையும் கிடைத்தபடி தின்று உயிர் தப்பியவர்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சுடுசோறு என்பது பசி தீர்ப்பதோடு மானத்தையும் காப்பது.

அந்த மண்ணில் ஒரு தாய், “நான் பச்சையாகவே சாப்பிடுகிறேன்” என்று சொன்னால் வீடு கலங்கத்தான் செய்யும். நான் அப்படிச் சொன்னவள். ஆம்பூர்க்காரி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைக்கிற வேலை. காலையிலும் மதியத்திலும் நான் சாப்பிடுவது எதுவும் அடுப்பில் ஏறுவதில்லை. இரவில் வீட்டாரோடு உட்கார்ந்து அவர்கள் சாப்பிடுவதையே சாப்பிடுகிறேன். இப்படியொரு ஏற்பாடு எங்கள் ஊரில் நேற்று வந்த புதுமையா, இதற்குப் பின்னால் ஏதாவது வழக்கம் உண்டா என்று பெரியவர்களிடம் கேட்டும், கிடைத்ததைப் படித்தும் தெரிந்துகொண்டேன். பச்சை உணவு ஒரு தாயின் தனி வைராக்கியமாக நின்றால் உடைந்துவிடும். வீட்டு வழக்கத்தோடு சேர்ந்தால் நிலைக்கும். அதற்கும் அடியில் ஊரின் தண்ணீர் நன்றாக இருக்க வேண்டும். இந்த மூன்றையும் எங்கள் பக்கத்துச் சரித்திரமே எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

முதலில் வழக்கத்தைப் பார்ப்போம். குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அம்மன் திருவிழாக்களில் பெண்கள் போடும் மாவிளக்கு முழுக்க முழுக்க வேகாத பண்டம். பச்சரிசியை ஊறவைத்து, நீரை வடித்து, வெள்ளைத் துணியில் பரப்புவார்கள். ஈரம் முழுதும் போவதற்குள் உரலில் இடித்துச் சலித்துவிட வேண்டும்; காய்ந்துவிட்டால் மாவு பிடிபடாது. வெல்லத்தைப் பொடித்து, ஏலக்காய் தட்டிப் போட்டு, கை சூட்டிலேயே பிசைந்தால் வெல்லம் இளகி மாவு உருண்டையாகும். நடுவில் குழித்து நெய் விட்டுத் திரி ஏற்றுவார்கள். விளக்கு மலையேறிய பிறகு அதுவே பிரசாதம். திரி எரிந்த இடத்தில் நெய் ஊறி லேசாகக் கருகியிருக்கும் மாவுக்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள்.

இது ஒன்றுதானா? ஆடிப்பெருக்குக்கு ஊறிய அரிசியும் வெல்லமும் தேங்காய்ச் சில்லும் சேர்ந்த காப்பரிசி. ஸ்ரீராம நவமிக்குப் பானகம், நீர்மோர். எங்கள் பக்கம் தெலுங்கு பேசுகிற வீடுகளில் ஊறவைத்த பாசிப்பருப்பில் செய்யும் வடபப்பு. கேழ்வரகுக் கூழுக்குப் பச்சை வெங்காயமும் மாங்காய்க் கீற்றும். வேர்க்கடலை பிடுங்கும் நாளில் மண்ணைத் தட்டிவிட்டு வயலிலேயே உரித்துத் தின்கிற பச்சைக் கடலை. கோடையில் நுங்கு, வெள்ளரிப் பிஞ்சு. ரம்ஜான் மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சிக்கு முன்னால் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத்தான் நோன்பு திறக்கிறார்கள். வேகாத உணவுக்கு இந்த ஊரில் ஓர் இடம் என்றைக்கும் இருந்திருக்கிறது. திருவிழா நாள், விரத நாள், வயல் வேலை, வெயில் காலம் என்று அதற்கு நேரம் பார்த்து வைத்திருந்தார்கள்.

பெண்ணின் உடம்பு விஷயத்தில் கணக்கு இன்னும் நுணுக்கம். பெண் பெரியவளானால் பச்சை முட்டையை உடைத்து ஊற்றி, அதன்மேல் நல்லெண்ணெய் கொடுப்பார்கள். மசக்கைக்காரி மாங்காய் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் பிள்ளை பிறந்துவிட்டால் எல்லாம் மாறிவிடும். என் ஆயா சொல்லும்: “பச்ச ஒடம்புக்காரிக்குப் பச்சத் தண்ணியே ஆகாதும்மா.” காய்ச்சி ஆறவைத்த வெந்நீர், மிளகு, பூண்டு, சுட்ட கருவாடு என்று அவளுக்கு வருவதெல்லாம் நெருப்பைத் தொட்டுத்தான் வரும். குழந்தைக்கு உரசிக் கொடுக்கிற உரைமருந்தில் சேரும் கடுக்காயும் வசம்பும் மாசிக்காயும்கூட, கொதிக்கிற சோற்றுப் பானையில் போட்டு வேகவைத்து உலர்த்தியவை. இன்றைய மருத்துவர்கள் ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிர எதுவுமே வேண்டாம் என்கிறார்கள். அந்த உரைமருந்தும் வேண்டியதில்லை. அதை ஏற்றுக்கொண்டுதான் என் பிள்ளைகளை வளர்த்தேன். ஆனாலும் அந்தப் பழைய வரிசையில் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. வளர்ந்த, உழைக்கிற உடம்புக்குப் பச்சை உணவைத் தாராளமாகத் தந்தவர்கள், பால் கொடுக்கிறவளுக்கும் பச்சிளம் பிள்ளைக்கும் நெருப்பைக் காவல் வைத்தார்கள்.

பச்சை உணவை வழக்கத்திலிருந்து பிரித்துக் கொள்கையாக எடுத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்களில் எல்லோருக்கும் தெரிந்தவர் காந்தி. 1893-லேயே தென்னாப்பிரிக்காவில், லண்டன் சைவ உணவுச் சங்கத் தலைவர் ஏ. எஃப். ஹில்ஸின் கருத்தைப் பின்பற்றி, வேகாத உணவைச் சில நாள் சோதித்துப் பார்த்துக் கைவிட்டார். 1929-ல் ஆந்திரச் சுற்றுப்பயணத்தின்போது ராஜமுந்திரி சுந்தரம் கோபாலராவின் தூண்டுதலால் மறுபடி தொடங்கினார். அந்த ஆண்டு ஜூன் மாதம் ‘யங் இந்தியா’வில் அளவோடு எழுதினார்: முளைகட்டிய கோதுமை எட்டுத் தோலா, பாதாம் விழுது எட்டுத் தோலா, இடித்த பச்சிலை எட்டுத் தோலா, எலுமிச்சம்பழம் ஆறு, கொஞ்சம் தேன். எட்டுத் தோலா என்றால் ஏறக்குறைய 90 கிராம். இந்த முறை வெற்றி பெற்றால் அடுப்படி உழைப்பிலிருந்து பெண்களுக்கு விடுதலை கிடைக்கும் என்றும் அதில் எழுதினார்.

அந்த இடத்தைப் படித்தபோது என் மனம் நெகிழ்ந்தது. அடுப்படியில் ஒரு பெண்ணின் ஆயுள் கழிவதைக் கண்டு எழுத அந்தக் காலத்தில் எத்தனை பேர் இருந்தார்கள்? கூடவே ஒரு கேள்வியும் வந்தது: பாதாமை ஊறவைத்துத் தோல் உரித்து விழுதாக்குவது யார்? பச்சிலையை ஆய்ந்து கழுவி இடிப்பது யார்? கம்பெனி வண்டி ஏழு மணிக்குத் தெருமுனைக்கு வந்துவிடும். தேங்காய் துருவுவதும் கடலை ஊறவைப்பதும் மாதுளை உதிர்ப்பதும் வேலைதான். அடுப்பு நின்றால் பெண்ணின் வேலை தானாக நின்றுவிடாது. வேலையை வீட்டார் பகிர்ந்துகொண்டால்தான் அந்த விடுதலை வரும்.

காந்தியின் சோதனை ஆகஸ்டில் முடிந்தது. சீதபேதி கண்டு உடம்பு தளர்ந்து, மருத்துவர்கள் சொல்லைக் கேட்டு ஆட்டுப்பாலுக்குத் திரும்பினார். அந்த ஆட்டுப்பாலே கஸ்தூரிபா கண்டுபிடித்த வழி. 1912-ல் பாலை விட்ட காந்தி, 1918-ல் நோயில் விழுந்து எழ முடியாமல் கிடந்தார். நீங்கள் சத்தியம் செய்தபோது நினைத்தது பசுவையும் எருமையையும்தானே, ஆடு அதில் எங்கே வந்தது என்று கேட்டுக் கணவரை மீட்டவர் அந்த அம்மாள். கொள்கையை நெகிழ்த்தி உயிரைக் காப்பாற்றுகிற வேலை எந்த வீட்டிலும் பெண்ணிடமே வந்து சேருகிறது. தமிழ்நாட்டில் சிவசைலம் நல்வாழ்வு ஆசிரமம் போன்ற இடங்கள் தேங்காயும் பழமும் ஊறிய பயறுமாகச் சமைக்காத உணவைப் பல காலமாகச் சொல்லித் தந்திருக்கின்றன. அங்கே தங்கித் திரும்பியவர்கள் பலர் நல்ல பலனைச் சொல்வதை நான் மதிக்கிறேன். ஆசிரமத்தில் எல்லோருக்கும் ஒரே பந்தி. வீட்டிலோ பால் குடிக்கிற பிள்ளை, பள்ளிக்குப் போகிற பிள்ளை, பல் விழுந்த அத்தை, ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குக் காத்திருக்கிற கணவர் என்று ஆளுக்கொரு பந்தி.

தாயின் தட்டு பிள்ளையின் உடம்பில் எப்படி எழுதப்படுகிறது என்று உலகத்துக்குக் காட்டிய ஆராய்ச்சி ஒன்று எங்கள் வேலூரிலேயே நடந்தது. 1962-ல் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவர்கள் ஜாதவ், வெப், வைஷ்ணவா, பேக்கர் நால்வரும் ‘லான்செட்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தாய்ப்பாலை மட்டுமே நம்பி வளர்ந்த சில குழந்தைகள், சில மாதம் நன்றாக வளர்ந்து, முகம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள், மெல்ல மெல்லச் சிரிப்பை இழந்தார்கள். நின்ற தலை நிற்காமல் போனது. கை கால்களில் தோல் கறுத்தது, ரத்தசோகை பிடித்தது, கைகால்கள் தாமாக ஆடின. காரணம் தேடிப்போனால் தாய்மாரின் உடம்பிலும் பாலிலும் பி12 வைட்டமின் மிகக் குறைவு. அதைக் கொடுத்ததும் குழந்தைகள் தேறினார்கள்.

அந்தத் தாய்மார் பச்சை உணவுக்காரர்கள் அல்லர். பாலும் முட்டையும் மீனும் இறைச்சியும் எட்டாத உணவை உண்டவர்கள். ஆனால் பழமும் கொட்டையும் கீரையும் மட்டுமே போதும் என்று ஒரு தாய் இன்று தானாக முடிவு செய்தால், அவள் வந்து நிற்கிற இடமும் அதுவே. பி12 செடிகொடிகளில் கிடைப்பதில்லை. என் இரண்டாவது பிள்ளை பால் மறந்த பிறகுதான் இந்த உணவு முறைக்கு வந்தேன். தயிரும் மோரும் என் தட்டில் உண்டு. ரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொன்னபடி பி12 மாத்திரையும் உண்டு. ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்தார் 1999-ல் வெளியிட்ட ஆய்வும் என்னை எச்சரித்தது. நெடுங்காலம் பச்சை உணவிலேயே இருந்த 45 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு மாதவிலக்கு தப்பியோ முற்றிலும் நின்றோ போயிருந்தது. பச்சை உணவின் பங்கு கூடக்கூட அந்தச் சிக்கலும் கூடியது. பிள்ளை வேண்டும் என்று காத்திருக்கிற பெண்ணுக்கும், வயிற்றில் பிள்ளை இருப்பவளுக்கும், பால் கொடுப்பவளுக்கும் முழுப் பச்சை உணவு வேண்டாம் என்று என் லைனில் வேலை செய்கிற தங்கைகளிடம் நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

பிள்ளைகளுக்கு எங்கள் பக்கத்து வீடுகளே ஒரு நடுவழி வைத்திருந்தன. கேழ்வரகைக் கழுவி, இரவு முழுதும் ஊறவைத்து, ஈரத் துணியில் கட்டித் தொங்கவிடுவார்கள். வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் நிழலில் உலர்த்தி, திரித்து, மெல்லிய துணியில் வைத்துச் சலித்தால் பவுடர் மாதிரி மாவு இறங்கும். அதைக் கூழாகக் காய்ச்சி ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்கு ஊட்டுவார்கள். முளைவிடும்போது தானியத்துக்குள் உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால் கூழ் கெட்டிப்படாமல் இளகலாக நிற்கும். சிறு வயிற்றுக்கு அதிக மாவைக் கொடுக்க முடியும். பச்சையாக முளைக்கவிடுவதும் நெருப்பில் காய்ச்சுவதும் இந்த ஒரே கூழில் கைகோத்து நிற்கின்றன. என் இரண்டு பிள்ளைகளும் இதில்தான் வளர்ந்தார்கள்.

இனித் தண்ணீர். அது கெட்ட கதை தோல் வேலையிலிருந்து தொடங்குகிறது. கடுக்காயைப் பற்றிச் சொன்னேன். பிள்ளைக்கு உரசிய அதே கடுக்காய் தோல் பதனிடும் டேனரிக்கும் மூட்டை மூட்டையாகப் போனது. கரட்டில் பூக்கும் ஆவாரையின் பட்டையை உரித்துக் குழியில் ஊறப்போட்டு, அந்தச் சாற்றில் தோலைக் கிடத்தி வாரக்கணக்கில் பதனிட்டார்கள். பூவைப் பச்சையாக மெல்லலாம், பட்டை தோலுக்கு, சாறு இறங்கிப்போன சக்கை அடுப்புக்கு விறகு என்று ஆயா சொல்லக் கேட்டிருக்கிறேன். 1970-களில் பச்சைத் தோலையும் அரைப்பதத் தோலையும் வெளிநாட்டுக்கு அனுப்புவதை அரசு கட்டுப்படுத்தி, முழுப்பதத் தோலும் செருப்பும் ஷூவுமாக அனுப்பச் சொல்லி ஊக்கம் தந்தது. வாரக்கணக்கில் ஆன வேலையைக் குரோமிய உப்பு மிகச் சில நாளில் முடித்தது. வேலை பெருகியது. எங்களைப் போன்ற பெண்களுக்கு மாதச் சம்பளம் வந்தது. என் தட்டில் இருக்கும் மாதுளை அந்தச் சம்பளத்தில் வாங்கியது. கழிவு பாலாற்றில் இறங்கியது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனதில், 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் ஒரு மைல்கல். ஒரு கிலோ பதனிட்ட தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்றும், டேனரிகள் உள்ள பகுதியில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்றும் அதில் பதிவானது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை நீதிமன்றம் இந்த மண்ணின் வழக்கில் நிலைநிறுத்தியது. பிறகு அமைந்த ஆணையம் 2001-ல் 29,000-க்கும் மேற்பட்டவர்களுக்குச் சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் இழப்பீடு வகுத்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. அப்படியும் சிக்கல் தீராமல், 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்றுக்காக உத்தரவு போட வேண்டியிருந்தது.

பச்சையாகச் சாப்பிடுகிறவளுக்கு இது நீதிமன்றச் செய்தி மட்டும் ஆகாது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். உப்பும் குரோமியமும் கொதித்துப் போவதில்லை. கிருமி என்று எடுத்துக்கொண்டாலும் வேலூர்தான் பாடம் சொன்னது. 1980-களில் வலிப்பு நோயாளிகளின் மூளை ஸ்கேனில் தெரிந்த சின்னப் புள்ளியைக் காசநோய்க் கட்டி என்று பல இடங்களில் நினைத்திருந்தபோது, அவற்றில் பல நாடாப்புழுவின் இளம் பருவம் தங்கிய கட்டிகள் என்று சி.எம்.சி. மருத்துவர்கள் சாண்டியும் ராஜசேகரும் சகாக்களும் கண்டறிந்தார்கள். பிறகு வேலூர் மாவட்டத்தில் எடுத்த கணக்கில், தொடர்ந்து வலிப்பு வருகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இதுவே காரணம். இறைச்சியே தொடாதவர்களுக்கும் வரும். கழிப்பிடம் சரியில்லாத இடத்தில் மனிதக் கழிவு கலந்த தண்ணீர் பாய்ந்த கீரையும் காயும், கழுவாத கையும் அந்தப் புழுவின் முட்டைகளைக் கொண்டுவருகின்றன.

அதனால் எங்கள் வீட்டில் ஒரு பிரிவினை உண்டு. தானே உறை போட்டு வருவதை மட்டும் அப்படியே பச்சையாகத் தின்கிறோம்: தேங்காய், வாழைப்பழம், மாதுளை, சாத்துக்குடி, ஓட்டோடு வரும் வேர்க்கடலை. வெள்ளரியும் கேரட்டும் நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவித் தோல் சீவிய பிறகே தட்டுக்கு வரும். கீரை எதுவானாலும் வேகும். முளைகட்டிய பயறு பிள்ளைகளுக்கு ஆவியில் வெந்துதான் போகும். பள்ளியில் பெரியவன் சாப்பிடும் சத்துணவு அவனுக்குச் சூடான சோறும் முட்டையும் தருகிறது. 1956-ல் காமராசர் தொடங்கி, 1982-ல் எம்.ஜி.ஆர். விரித்த அந்தப் பந்தியை, பஞ்சம் பார்த்த ஊரின் பிள்ளை என்ற நன்றியோடு நான் வணங்குகிறேன்.

அத்தைக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. “அடுப்பு பத்தாத வீட்ல லட்சுமி தங்க மாட்டாம்மா” என்றார்கள். “காலையில பால் காய்ச்ச நானே பத்த வெக்கிறேன் அத்தை, என் தட்டு மட்டும் தனியா இருக்கட்டும்” என்றேன். இப்போது அவர்களே எனக்குத் தேங்காய் உடைத்துக் கீறி வைக்கிறார்கள். வீட்டுக்காரர் இரவே கடலையைக் கழுவி ஊறப்போடுகிறார். பக்ரீதுக்குப் பக்கத்துவீட்டு ஆபா அனுப்புகிற பிரியாணியை நான் திருப்பி அனுப்புவதில்லை, உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அந்தத் தூக்குப்பாத்திரம் வந்துபோகிற உறவு என் உணவு முறையை விடப் பெரியது.

என் பக்கத்தில் உட்கார்ந்து தைக்கிற இளம் பெண்கள், “அக்கா, நாங்களும் உங்கள மாதிரி சாப்பிடலாமா?” என்று கேட்கிறார்கள். ரத்தம் எத்தனை என்று பரிசோதித்துக்கொள், வயிற்றில் பிள்ளை இருந்தால் பொறு, வீட்டில் யார் கூட நிற்பார்கள் என்று பார், காய் எந்தத் தண்ணீரில் விளைந்தது என்று விசாரி என்று சொல்கிறேன். நான்காவது கேள்விக்கு ஒரு தாய் தனியாகப் பதில் தேட முடியாது. கழிப்பிடமும் சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையமும் சரியாக நடக்கின்றனவா என்று கேட்கிற கூட்டத்துக்கு, கிராமசபை ஆனாலும் வார்டு கூட்டம் ஆனாலும், நாங்கள் போக வேண்டும். தோல் வேலையும் வேண்டும், பாலாறும் வேண்டும். எங்கள் பேத்திகள் ஆற்றோரத் தோட்டத்து வெள்ளரிப் பிஞ்சைத் தோலோடு கடிக்கிற காலம் வரும்வரை அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருப்பேன்.